அடுத்த வீட்டு வியாதி

ஒரே வியாதியை ஒரு வீடு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாழும்போது, சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு ஏன் அதை ஒளித்துவைக்க வேண்டும்? புதுச்சேரி உப்பளத்து அஞ்சலாட்சியின் வாழ்க்கை இப்படியொரு கேள்வியை எழுப்பியது. அவளுக்குள் அது கேள்வியாக வரவில்லை, பொறாமையாக வந்தது.

கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடும் வேலை அவளுக்கு. கணவர் இறந்துவிட்டார். வீட்டில் மகள் பார்வதியும் தம்பி ஜானகிராமனும். எலக்ட்ரீஷியனாக இருந்த தம்பி ஒரு மழைக்காலத்தில் வேலைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு பேச்சை, குளியலை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் தெரிந்த முகம் இருக்கும் என்று விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப்போய் மாத்திரை வாங்கினாள். தெருவில் மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தாள்.

2006இல் அடுத்த வீட்டு ஏவ்லினின் மகன் லூதோவிக் பிரான்சிலிருந்து திரும்பி வந்தான். அவனும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஏவ்லின் மீன் வாங்குமிடத்திலும் கோயில் வாசலிலும் "தெப்ரெசியோன்", பிரெஞ்சுக்காரர்கள் மனச்சோர்வை அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். அங்கே சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறார்கள் என்றாள். தெரு அவனுக்கு ஆட்டுக்கால் சூப் அனுப்பியது. அஞ்சலாட்சியும் ஒரு தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்களுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டையும் பென்ஷனையும் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்ததில்லை. அந்த ஒரு சொல்லுக்கு எரிந்தது.

பார்வதிக்குக் கடலூரில் வரன் அமைந்தது. பையன் வீட்டார் அக்கம்பக்கம் விசாரிக்கும் வழக்கப்படி ஏவ்லின் வீட்டுக்கும் போனார்கள். சுவர் வழியாக ஏவ்லினுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதை மறைக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. பார்வதி தங்கமான பெண், எங்கள் லூதோ மாதிரியே இருக்கிற மாமாவை அப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று மெச்சினாள். வரன் நின்றுபோனது.

"உள்ளதத்தானே சொன்னேன், அஞ்சலா."

"உங்க வீட்ல வந்தா அது வியாதி, அக்கா. எங்க வீட்ல வந்தா பரம்பர."

அதோடு பேச்சு நின்றது.

மறு வருடம் லூதோவிக்குக் காரைக்காலிலிருந்து சம்பந்தம் வந்தது. ஏவ்லின் எதையும் மறைக்கவில்லை. அந்த பிரான்ஸ் குளிருக்கு யாருக்கும் வரும் என்றார்கள் பெண் வீட்டார். அது அஞ்சலாட்சியின் சமையலறை வரை கேட்டது. பிறகு விசாரிக்க அவர்கள் வந்தது அவள் வாசலுக்கு.

லூதோவிக் ராத்திரியில் கத்துவான் என்று ஒரு பொய் போதும். அதை அவள் நினைத்திருப்பாள். அவளை நல்லவள் என்று சொல்ல எனக்கு அவசரமில்லை.

வந்தவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். உள்ளறைக்குப் போய்த் தம்பியைக் கைப்பிடித்து அழைத்துவந்து அவர்கள் எதிரில் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"என் தம்பி. அந்தப் பையனுக்கு இருக்கறதுதான் இவனுக்கும். நல்லாப் பாத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க."

ஏன் அப்படிச் செய்தாய் என்று பார்வதி பல வருடம் கேட்டாள். தெருவில் யார் தம்பியை விசாரித்தாலும் அஞ்சலாட்சி அதற்குப் பிறகு மஞ்சள் காமாலை என்று சொன்னதில்லை.