சாலவாக்கம் சாலையில் உறுமும் சக்கரம்

உத்திரமேரூர் தாண்டியதும் எங்கள் பழைய வேனின் பின்பக்கம் உறுமத் தொடங்குகிறது. சாலவாக்கத்தில் என் மைத்துனனுக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டிய என் மனைவி கலா பட்டுப்புடவையில் தவிக்கிறாள்.

டயரா, பேரிங்கா? காலியான ஏரிக்கரைச் சாலையில் வேனை இடமும் வலமுமாக வளைத்து ஓட்டிப் பார்க்கிறேன். இடப்பக்கம் வளைத்தால் சத்தம் பெருகுகிறது, வலப்பக்கம் வளைத்தால் அடங்குகிறது.

பால் கேனோடு ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் எங்களை மறிக்கிறார்.

"இன்னாண்ணா, காத்தாலயே ஊத்திக்கினியா?"

"ஐயோ, இல்லம்மா! எந்தச் சக்கரம் கத்துதுன்னு பாக்கறோம்" என்று சிரிக்கிறாள் கலா.

"அப்ப ஓட்டு. நான் கூடவே வந்து கேக்கறேன்."

கொஞ்ச தூரம் இணையாக வந்தவர் கத்துகிறார்: "வலது பக்கந்தான் கத்திக்கினு கீது!"

இறங்கித் தொட்டுப் பார்க்கிறேன். இடது சக்கரத்தின் நடுப்பகுதி வெதுவெதுப்பு, வலதில் கை வைக்க முடியவில்லை. இடப்பக்கம் வளைத்தபோது வண்டியின் பாரம் ஏறிக் கத்தியது இதுதான்; பேரிங்தான். இனி ஓட்டினால் ஆபத்து.

"நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும்" என்று கலாவின் முகம் வாடுகிறது.

"நாத்தனார் இல்லாம தாலியா? ஏறுக்கா, நான் இட்டுக்கினு போறேன்!"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலா ஏறுகிறாள். ஸ்கூட்டரின் காலடியில் இருந்த பால் கேனை என் கையில் திணித்துவிட்டுப் பறக்கிறார் அந்தப் பெண்.