இருபத்தேழாம் வளைவு

காலை ஆறரை மணிக்கு, வாசலில் நிற்கும் ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து சித்ரா கண்ணை மூடிக்கொள்கிறாள். கையில் ஒரு தம்ளர் பால் விடாத கட்டன் சாயா. வண்டிச் சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. இருந்தாலும் அவள் மலையிறங்கத் தொடங்கிவிடுகிறாள். தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டினால் முதல் வளைவு. ஒரு விரலால் வயிற்றை மெல்லத் தட்டுகிறாள். கிராண்டிஸ் மரங்கள் சாய்ந்து நிற்கும் இடம் ஐந்து. மாதா சிலை பதினொன்று. தண்ணீர் எப்போதும் சாலையைக் கடந்து ஓடும் இடம் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. மலையின் மூடுபனி, மஞ்சு, மூடிய கண்ணுக்குள்ளும் வருகிறது. கீழே ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் வரை நாற்பத்தொரு வளைவுகள். ஆனால் இருபத்தேழில் விரல் நின்றுவிடும். கண்ணைத் திறந்து, ஆறிப்போன சாயாவைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவாள்.

"ஏ புள்ள, இன்னைக்கி எம்புட்டுத் தூரம் போன?" என்று வாசலில் பல் துலக்கியபடி கேட்பான் அவள் கணவன் மாரீஸ்வரன். சுற்றுலாக்காரர்களை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் ஜீப் அவனுடையது.

"யான நின்ன எடம் வரைக்கும்."

"டீசல் யாரு போடுறது?"

"நியூட்ரல்லதான போனேன்."

சித்ராவுக்கு வயது இருபத்தெட்டு. மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கத்தரியால் கொழுந்து வெட்டுகிறவள். இடது கைப் பழக்கம். எல்லோரும் வலமிருந்து செடியைச் சுற்றினால் அவள் இடமிருந்து சுற்றுவாள். அதனால் பக்கத்து நிரைப் பெண்ணும் அவளும் செடிக்குச் செடி முகத்தோடு முகம் பார்த்துக்கொள்வார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதால் இப்போது லீவு. கத்தரி இல்லாத கை சும்மா இருப்பதில்லை; பேசும்போதே விரல்கள் விரிந்து மூடும். லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்முடி வெட்டிவிட்டாள். வெட்ட இனித் தலை இல்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. மழைக்கு இடுப்பில் கட்டும் தார்ப்பாயில் ஒரு துண்டைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். அவ்வப்போது அதை எடுத்து முகர்வாள். மாங்காயும் சாம்பலும் கேட்கிற மாதத்தில் இவள் தார்ப்பாயைக் கேட்கிறாள் என்று லயத்தில் சிரித்தார்கள். சித்ராவும் சேர்ந்து சிரித்தாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன், முதல் பிரசவத்தின்போது, வலி தொடங்கியது தேயிலைக் காட்டில். லீவு எடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. நிரையில் பதினாறு செடி பாக்கி. பாதி நிரையில் இறங்கிப் போவதை அங்கே யாரும் செய்வதில்லை. விட்டுப்போன செடியை அடுத்தவள் முனகிக்கொண்டே வெட்ட வேண்டும், பேச்சு வருஷக்கணக்கில் ஓடும். சித்ரா பதினாறையும் வெட்டினாள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். பிறகுதான் சொன்னாள். தார்ப்பாயை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் ஜீப்பில் ஏற்றினார்கள்.

இருபத்தேழாவது வளைவில் மஞ்சுக்குள் ஒரு கொம்பன் நின்றது. யானை நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அந்தச் சாலையின் வழக்கம். ஹாரன் கூடாது, பேச்சு கூடாது. மாரீஸ்வரன் சாவியைத் திருப்பி அணைத்தான். யானை நிதானமாகப் புல் பிடுங்கி, காலில் தட்டி, மண்ணை உதிர்த்துத் தின்றது. முக்கால் மணி நேரம். சத்தம் வெளியே வராமலிருக்க சித்ரா இடுப்புத் தார்ப்பாயை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வந்த சாலை அவள் நினைவில் இல்லை. கீழே பத்து மணி நேரம் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. மயக்கம் கொடுத்து அறுத்து எடுத்தார்கள். கண் விழித்தபோது மகள் கிருத்திகா குளித்து, சட்டை போட்டு, தூங்கிக்கொண்டிருந்தாள்.

"லயமே பாத்து முடிச்சப்புறம் கடைசியாப் பாத்தது நாந்தான்" என்பாள் சித்ரா.

"நெரய முடிச்சாளாம் மகராசி" என்பாள் மாமியார் வேலுத்தாய், வருகிறவர்களிடமெல்லாம். "பச்ச எலைக்கு இருந்த அவசரம் பிள்ளைக்கு இல்ல." சித்ராவும் அப்படித்தான் நம்பினாள். பதினாறு செடிதான் தன் வயிற்றைக் கிழித்ததென்று ஐந்து வருடமாக நம்பியிருந்தாள்.

போன வாரம் கீழே ஆஸ்பத்திரியில் மலையாளத்து டாக்டரம்மா அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டார். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவரச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததால் அதை வீட்டில் யாரும் படித்ததில்லை.

"இதிலே எழுதியிருக்கே மோளே. கொச்சுப்பிள்ளை மேலே பார்த்துக் கிடந்திருக்கு, தலை திரும்பலை. ரெண்டு மணிக்கூர் முன்னே வந்தாலும் அநேகமா ஓப்பரேஷன்தான்."

சித்ரா அந்தச் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டரம்மா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளை தலை கீழாகச் சரியாக இருக்கிறது. பழைய வெட்டு குறுக்கு வெட்டு, நன்றாக ஆறியிருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்து பார்க்கலாம். பழைய தழும்பு பிரிந்துவிடுமோ என்று ஒரு சிறிய பயம் உண்டு; ஆகவே வலி கண்ட பிறகு மலையிறங்கி வரக்கூடாது, மூன்று வாரம் முன்பே ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வந்து தங்க வேண்டும். இல்லையென்றால் தேதி குறித்து ஓப்பரேஷன். அப்போது இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும், அழுகையைக் கேட்கலாம். "ரெண்டும் தப்பில்ல. யோசிச்சு வியாழாழ்ச்ச சொல்லு."

"தேதியே போட்டுருவோம்" என்றான் மாரீஸ்வரன். "தேதி தெரிஞ்சா காலைலயே வண்டியக் கழுவி நிப்பாட்டிருவேன். அன்னைக்கி மாதிரி இன்னொரு தடவ என்னால முடியாது சித்ரா." சாவியைத் திருப்பி அணைத்தவன் அவன்.

வேலுத்தாய்க்கும் தேதிதான் வேண்டும். நல்ல நட்சத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம். "மூணு வாரம் கீழ போயி என்னட்டி செய்வ? வீடு பாத்துக் குடியிருந்து வலிய வா வான்னு கூப்பிடப் போறியாக்கும்?"

"கூப்பிட்டாத்தான் வருதுன்னா கூப்பிடுறேன் அத்த."

அந்த ஒரு வாரமும் அவள் நாளுக்கு இரண்டு முறை ஜீப்பில் ஏறினாள். மஞ்சு வந்து கண்ணாடியில் படிந்து, வழிந்து, திரும்பவும் படியும். வயிற்றுக்குள்ளிருந்து பிள்ளை ஒரு முறை உதைத்தால் விரலும் ஒரு முறை தட்டும். எந்த வளைவு என்பது அப்போது மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து இறங்குவாள். இருபத்தேழில் யானை நிற்கும். அது அவளைப் பார்த்ததே இல்லை, அன்றும் இன்றும்.

புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னாள்.

"நான் கீழ போயி இருக்கேன். வலி வரட்டும். முழுசும் பாக்குறேன். நடுவுல அறுத்துத்தான் ஆகணும்னா அறுத்துக்கிடட்டும், நான் முழிச்சிருப்பேன்ல."

"பயமா இல்லியா?" என்றான் மாரீஸ்வரன்.

"இருக்கு. தேதி போட்டாலும் இருக்கும்."

வேலுத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, "கிருத்திகாவ நான் பாத்துக்கிடுதேன். முடி மட்டும் வெட்டிட்டுப் போ, கண்ணுல விழுது" என்றாள். நிரையைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் மாரீஸ்வரனின் சித்தி மகள் வீட்டில் ஓர் அறை. கிளம்பிய காலையிலும் மஞ்சு. பின்னால் ஒரு பை, ஒரு பாய், உறையோடு பழைய சீட்டு. தார்ப்பாய்த் துண்டு தலையணைக்கடியிலேயே இருந்துவிட்டது. சித்ரா கண்ணைத் திறந்துவைத்து வளைவுகளைத் தட்டிக்கொண்டு வந்தாள். கிராண்டிஸ். மாதா. தண்ணீர் ஓடும் இடம்.

இருபத்தேழில், "நிப்பாட்டுங்க" என்றாள்.

"வலிக்குதா?"

"இல்ல. எஞ்சின அணைங்க."

அணைத்தான். சாலையில் யானை இல்லை. பழைய சாணம்கூட இல்லை. ஓரத்துப் புல்லிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். மஞ்சு ஒரு பக்கம் ஏறி, ஜீப்புக்குள் நுழைந்து, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. சித்ரா அது போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வயிற்றிலிருந்த கையை எடுத்து நீட்டி, சாவியைத் தானே திருப்பினாள்.