யோங் பெங்கிலிருந்து ஒரு கைநாட்டுக்காக

சென்ற ஐப்பசியில் நான் மலாயாவில் யோங் பெங்குக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கிருந்து மூன்று மைலில் ஒரு ரப்பர் தோட்டம். என் அக்காளும் அவள் கணவர் முனியாண்டி மச்சானும் அதன் ஆலையில் வேலை செய்கிறார்கள். உறைந்த ரப்பர் பாலைத் தகடாக அழுத்தும் உருளைகளில் மச்சானின் இடக்கைப் பெருவிரல் போய்விட்டது. காயம் ஆறுமுன்பே அதே இடத்தில் அக்காளை நிறுத்திவிட்டார்கள். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை வைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாயிற்று. வேலை தாமதமாகும் என்றாராம் துரை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மச்சான் நிதானமான மனிதர். “ஜோகூர் பாருல மனு குடுத்துப் பாப்போம்” என்றார்.

காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கி ஆறேமுக்கால் பஸ்ஸைப் பிடித்தோம். கட்டணம் ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. ஆயர் ஹீத்தாமில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற இருபது நிமிடம் நிற்கும். காப்பி குடிக்க அதுதான் சமயம். டிரைவர் மச்சானின் இடக்கைத் துணிக்கட்டைப் பார்த்தார்.

“ரப்பர் மிஷினா?”

“ஆமாங்க.”

“எங்கண்ணனுக்கு மரம் அறுக்கிற எடத்துல. ரெண்டு வெரலு.”

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் வாளியை எடுத்தார்.

தம்போய் தாண்டி ஜோகூர் பாரு சேர்ந்தபோது மணி பதினொன்று. மனு வாங்கும் அலுவலகத்தில் இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் அல்ல, விதி பிசகக் கூடாது அவருக்கு.

“ஆம்பிளையள் இடக்கைப் பெருவிரல்தான் வைக்கவேணும். வலக்கை பொம்பிளையளுக்கு.”

மச்சான் கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தார். “அது இல்லீங்களே.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“எம் பொஞ்சாதி பேர்ல எழுதிக்கிங்க. அந்த மிஷின்ல இப்ப அவதான் நிக்கிறா. காலையில நான் பொறப்படுறப்ப அவளுக்கு வெரலு இருந்திச்சி.”

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். மைப் பெட்டியை மச்சானின் வலக்கைப் பக்கம் நகர்த்தினார். காரணத்தை மனுவின் ஓரத்தில் அவரே எழுதினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஓர் அதிகாரி ஆலைக்கு வந்தார். மறுநாள் பலகை அடித்தார்கள். இரண்டு முழப் பலகை, நான்கு ஆணி. அக்காளின் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. இந்த நான்கு ஆணியை முன்பே அடிக்க என்ன கேடு என்று எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், கூட்டம் நெரியும். அடுத்த பஸ் பத்து மணிக்குத்தான், அதில் போனால் சேருமுன்பே அலுவலகம் மூடிவிடும். கட்டுச்சோறு கொண்டுபோங்கள். மிஷினைப் பற்றிய மனு என்றால் நாள் கடத்தாதீர்கள். விரல் இருக்கும்போதே கைநாட்டு வைத்துவிடுங்கள்.