நான் சொன்ன பேடப்பா

என் மகனுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பை நான் எடுத்தேன். அவனும் என் மகளும் ஒரு வருடத்துக்கும் மேலாகக் காத்திருந்த ஒரு பொருள் கடைக்கு வந்துவிட்டது என்று அழைத்தவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. விஷயம் வெளியே வந்தபோது, கடைக்காரர் பொய் சொல்கிறார் என்றேன். அவர் பொய் சொல்லவில்லை.

அந்தப் பொருள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இதைச் சொன்னதும் சிரிக்கிறார்கள். எங்கள் சபையில் ஒரு நண்பரிடம் மனம்விட்டுச் சொன்னபோது, "போயும் போயும் ஒரு கேமுக்கா இவ்வளவு யோசிக்கறீங்க?" என்று தோளைத் தட்டினார். அந்தத் தட்டலை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. ஆறுதல் என்ற பெயரில் என் குற்றத்தைச் சின்னதாக்கித் திருப்பிக் கொடுத்தார். போயும் போயும் ஒரு கேம்தானே என்று நினைத்துத்தான் நானும் அன்று போனை வைத்தேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு கழிந்து கொஞ்ச காலம். ரிச்சர்ட்ஸ் டவுனில் என் தகப்பனார் காலத்து வீட்டில் இருந்தோம். நான் தொழிற்சாலைப் பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. மனைவி பள்ளி ஆசிரியை. காலையில் போனால் மாலைதான் வருவாள். மகள் பி.காம். முதல் வருடம். மகன் பொறியியல் முடித்து, கல்லூரியிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குத் தேர்வாகி, வீட்டில் உட்கார்ந்திருந்தான். சேரும் நாளை நிறுவனம் தள்ளிக்கொண்டே போனது. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்றார்கள். பிறகு கிறிஸ்துமஸ் கழித்து என்றார்கள். பிறகு நாங்களே கூப்பிடுகிறோம் என்றார்கள். வேலை உண்டு, ஆனால் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை இப்படி நிறுத்தி வைத்த அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களிடம் காட்ட வழியில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மகன் இருந்தான்.

போன் ஹாலில் இருந்தது. என் நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுவனத்தின் அழைப்புக்காக நான் காத்திருந்தேன். அவனோ அந்த விளையாட்டுக்காகக் காத்திருந்தான்.

பாழடைந்த ஒரு ராஜ்ஜியம். வாளோடும் மந்திரத்தோடும் அதில் அலையும் ஒருவன். அவனை நடத்திச் செல்வதுதான் ஆட்டம். டிவியில் மாட்டி ஆடும் மெஷினுக்கு வெளிநாட்டில் எப்போதோ வந்துவிட்டது. அந்த மெஷின் எங்களிடம் இல்லை. கம்ப்யூட்டருக்கும் வரும் என்று பத்திரிகையில் போட்டார்கள், பிறகு தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். பத்திரிகையோடு வந்த ஒரு சி.டி.யில் அந்த ஆட்டத்தின் சிறு படத்துண்டு இருந்தது. அதை இருவரும் எத்தனை தடவை ஓடவிட்டிருப்பார்களோ, அதில் வரும் மணியோசை எனக்கே மனப்பாடம். பத்திரிகைப் படங்களை வைத்துக்கொண்டு மகள் அந்த நாட்டின் வரைபடத்தை உத்தேசமாக வரைந்தாள். சபை காலண்டரின் கிழித்த தாள்களுக்குப் பின்பக்கம் வரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுவரில் மாட்டினாள். இங்கே காடு, இங்கே பாலம், இங்கே என்ன இருக்கிறதோ தெரியாது.

சின்ன வயதிலிருந்தே அவர்கள் ஆடுவது அப்படித்தான். இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளை ஒட்டிப் போடுவார்கள். கீபோர்டு அவனிடம், மௌஸ் அவளிடம். ஆளுக்கு ஒரு வீரன் கிடையாது, இருவருக்கும் சேர்த்து ஒருவன்தான். அவன் நடத்துவான், அவள் பார்த்துச் சொல்லுவாள்.

"எப்ப வர்றார் உங்க ராஜா?" என்று கேட்பேன்.

"ராஜா இல்ல டாடி. கூலிக்குச் சண்டை போடறவன்" என்பாள் மகள்.

"அவனாவது கூலி வாங்கறான்."

மகன் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்ப மாட்டான். "மறுபடியும் போஸ்ட்போன் ஆயிடுச்சாம்."

"கம்பெனியா, கேமா?"

"ரெண்டும்தான் டாடி."

சிரித்துக்கொண்டு சொல்வான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேலை தள்ளிப்போனதற்கும் விளையாட்டு தள்ளிப்போனதற்கும் ஒரே சிரிப்பா என்று உள்ளே கொதிப்பேன். ஆனால் அவன் இன்னொன்றும் சொல்லியிருந்தான், என் காதுபட. "வேலைல சேந்துட்டா எந்த ஊர்ல போடுவாங்களோ. அதுக்குள்ள வந்துட்டா இவளோட உக்காந்து முடிச்சிடலாம். அப்புறம் எங்க?" அதனால் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவர்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கப்போகும் கடைசி நாட்கள் அவை. அதற்காகத்தான் அந்த அவசரம்.

எஸ்.பி. ரோடில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். கள்ளப் பிரதி பாதியில் நின்றுவிடும், ஒரிஜினல்தான் வேண்டும் என்று அவனுக்குப் பிடிவாதம். கடையை அப்பாவும் மகனுமாக நடத்தினார்கள். அந்த மகன் என் மகனுக்குச் சிநேகிதம் மாதிரி. "நீ அலையாதே, வந்தா நானே போன் பண்றேன்" என்று சொல்லியிருந்தான்.

பண்ணினான். ஒரு முற்பகல். மகன் ஈஜிபுராவில் இருந்த ஒரு நண்பனைப் பார்க்கப் போயிருந்தான், மகள் கல்லூரியில். போன் அடித்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிறுவனத்தார்தான் என்ற நினைப்பில், ஆங்கிலத்தில் மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னேன்.

"சார், நிம் மக கேளித்ரல்லா, ஆ கேம் பந்திதே. ஒந்தே பீஸ். எத்திட்லா?"

உங்கள் மகன் கேட்ட விளையாட்டு வந்திருக்கிறது, ஒன்றே ஒன்றுதான், எடுத்து வைக்கட்டுமா என்கிறான். நான் நாற்காலி போட்டுக் காத்திருந்தது இதற்கா என்று தலைக்கு ஏறியது.

"பேடப்பா" என்றேன்.

பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம். எழுத்தில் இனிப்பின் பெயர் போல இருக்கிறது. காதில் அப்படி விழாது. எங்கள் வீட்டில் தமிழ் கேட்டுக்கு உள்ளே, கன்னடம் கேட்டுக்கு வெளியே. காய்கறி வண்டிக்காரர், ஊதுவத்தி விற்பவர், நன்கொடை கேட்டு வருபவர் எல்லோரையும் நான் அனுப்பி வைப்பது அந்தச் சொல்லால்தான். கடுமை தெரியாமல் இருக்க அதன் வாலில் ஓர் அப்பாவைச் சேர்த்துக்கொள்வேன். கதவைச் சாத்தும் சொல்தான் அது. மெதுவாகச் சாத்தும், அவ்வளவே. என் மகனைப் பார்த்துத் தமிழில் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவிருக்கவில்லை. முகம் தெரியாத ஒருவனிடம் கன்னடத்தில் சுலபமாக வந்தது.

அவன் உடனே விட்டுவிடவில்லை. "பேடவா சார்? அவ்ரு தும்பா கேள்தித்ரு" என்றான். ரொம்பக் கேட்டுக்கொண்டிருந்தாரே என்கிறான். இரண்டாவது வாய்ப்பு கொடுத்தான்.

"பேடப்பா" என்றேன் மறுபடியும். வைத்துவிட்டேன்.

மாலையில் அவர்கள் வந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்லவே முடியாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அந்த விளையாட்டை எஸ்.பி. ரோடில் வாங்கிவிட்டதாகச் சபைப் பையன் ஒருவன் என் மகனிடம் பெருமையடித்தான். அடுத்த நாள் கடை திறந்ததும் என் பிள்ளைகள் இருவரும் ஓடினார்கள். திரும்பி வந்தபோது மகனின் முகம் சிவந்திருந்தது.

"டாடி, கடையிலேருந்து யாராவது போன் பண்ணாங்களா?"

"இல்லையே."

"பண்ணேன்றாரு. வீட்ல பெரியவர் எடுத்தாரு, வேணாம்னு சொல்லிட்டாருன்றாரு."

"எவனாவது காசு கூடக் குடுத்திருப்பான், இவன் தூக்கிக் குடுத்திருப்பான். இப்ப கதை கட்றான். வியாபாரி புத்தியே அதான். நீயும் நம்பிட்டு வந்து என்னைக் கேக்கற."

மகன் என்னை நம்பினான். சந்தேகப்பட்டதற்காக என்னிடம் வருத்தம்கூடத் தெரிவித்தான். மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏமாற்றத்தில் நிற்கிறாள் என்று நினைத்தேன். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சும்மா விடாதே, போய் நாலு பேர் முன்னாடி கேளு" என்றேன். அவன் தங்கையையும் இழுத்துக்கொண்டு போய், வாடிக்கையாளர்கள் முன்னால், கடைக்காரப் பையனின் அப்பா முன்னால், அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த வாரமே நிறுவனம் கூப்பிட்டது. பூனாவில் வேலை. உடனே வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை அண்ணனும் தங்கையும் கேலி பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் சுவரில் இருந்த வரைபடத்தை இறக்கினாள். கிழிக்கவில்லை, கோபமாக எதுவும் செய்யவில்லை. தாள் தாளாகப் பிரித்து, அலமாரிக்குள் அடியில் விரித்துவிட்டாள். அதன் மேல் புடவைகளை அடுக்கினாள் என் மனைவி.

சில வருடங்கள் போயின. மகள் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை, பாய் விற்பவர் ஒருவர் கேட்டைத் தட்டினார். நான் வழக்கம்போல "பேடப்பா" என்று அனுப்பிவிட்டுத் திரும்பினேன். படியில் மகள் நின்றிருந்தாள்.

"இதே மாதிரிதான் சொன்னீங்களா டாடி?"

"எதை?"

"கடைக்காரர் அப்படியே சொல்லிக் காட்டினாரு. 'பேடப்பான்னாரு, ரெண்டு வாட்டி'ன்னாரு. அண்ணன் இருந்த கோவத்துல அது அவன் காதுல ஏறல. எனக்கு ஏறுச்சு. நம்ம வீட்ல யாரு அப்படிச் சொல்றது?"

நான் உட்கார்ந்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உங்ககிட்ட பேசாமலே ரயில் ஏறியிருப்பான். அதான் சொல்லல." அவள் குரல் ஏறவே இல்லை. "அவன் அந்த ஆளைத் திருடன்னு கத்தும்போது நான் பக்கத்துல நின்னேன். நீங்க வாயைத் திறந்து பொய் சொன்னீங்க. என்னை வாயை மூடிக்கிட்டு சொல்ல வெச்சீங்க."

திங்கட்கிழமை எஸ்.பி. ரோடுக்குப் போனேன். கடையில் இப்போது செல்போன் உறைகள் தொங்கின. அந்தப் பையனுக்குத் தாடி வந்திருந்தது. அவன் நல்ல தமிழ் பேசுவான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். யார் என்று சொல்லி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவன் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தான்.

"அரே சார், அதை இப்ப வந்து சொல்றீங்க."

"முன்னமே வந்திருக்கணும்."

"அன்னிக்குக் கடை மூடறப்ப எங்க அப்பா கேட்டாரு. ஜாஸ்திக்கு வித்தியாடா, நிஜம் சொல்லுன்னு. வெளி ஆளு கேட்டா பரவால்ல சார், எங்க அப்பா கேட்டாரு. இல்லப்பான்னேன். சரின்னாரு. நம்பினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இப்ப அவர் இல்ல. நீங்க என்கிட்ட சொல்றீங்க. அவர்கிட்ட யார் சொல்றது?"

ஒரு வாடிக்கையாளர் வந்தார். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தெருவில் இறங்கி, பழைய சி.டி.க்களைப் பரப்பி விற்பவர்களிடம் தேடி, அந்த விளையாட்டின் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கினேன். யாருக்கு என்று யோசிக்காமல் வாங்கினேன். ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துப் போக வேண்டும் போலிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மகன் வந்தான். சாப்பாட்டு மேசையில், மனைவியும் மகளும் இருக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். நிறுவனத்தின் மேல் எனக்கிருந்த கோபத்தையும் சொன்னேன். சொல்லும்போதே அது சாக்கு என்று தெரிந்தது. மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மகன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். மறுநாள் காலையில் தனியாக எஸ்.பி. ரோடுக்குப் போனான். மாலையில்தான் வந்தான்.

"பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். டீ வாங்கிக் குடுத்தாரு."

நான் பெட்டியை அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் இருந்ததை நிதானமாகப் படித்தான், என் பக்கம் நகர்த்தினான்.

"பேடப்பா" என்றான்.

என் பிள்ளைகள் என்னை ஒருநாளும் அப்பா என்று அழைத்ததில்லை, டாடிதான். அந்த வாலில் இருந்த அப்பா நான் இல்லை. கேட்டில் நின்ற யாரோ.

பெட்டியை மகள் எடுத்துப் போனாள். அவளுடைய புதுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். "ஓட மாட்டேங்குது டாடி. இந்த மெஷினுக்கு அது ரொம்பப் பழசு" என்று வந்து சொன்னாள். பிறகு அண்ணனும் தங்கையும் சாப்பாட்டு நாற்காலிகளை அவள் அறைக்கு எடுத்துப் போய், வேறு ஏதோ ஒன்றை ஆடத் தொடங்கினார்கள். "லெஃப்ட்ல போ, லெஃப்ட்ல போ, குருடா" என்று அவள் சொல்வது ஹால் வரை கேட்டது. லீவு முடியும்வரை கேட்டது.

அந்த நாட்களில் ஒருமுறை போன் அடித்தது. நாற்காலி இன்னும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

"இருங்க டாடி, நான் எடுக்கறேன்" என்று மகள் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

இன்றுவரை அப்படித்தான். வீட்டில் யார் இருந்தாலும், எந்த வேலையில் இருந்தாலும், எனக்கு முன்னால் ஓடி வந்து எடுத்துவிடுகிறார்கள்.