நான்கு பாகங்களுக்கு வந்த கருத்துகள்

என் மனைவி எழுதிய சிறுவர் மாயக்கதைத் தொடருக்கு இருபத்தாறு வாசகர் கருத்துகள் வந்தன என்று என் குறிப்பேட்டின் 2025 ஜனவரிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அது தவறு. வந்தவை இருபத்தேழு.

மனைவி கிழக்கு தில்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஆறு ஆண்டுகளில் நான்கு பாகங்கள் எழுதினாள். பாழடைந்த படிக்கிணறு ஒன்றில் இறங்கும் அக்காவும் தம்பியும் அடியில் வேறொரு நாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். நான்காம் பாகத்தின் முடிவில் தம்பி கல்லாகிவிடுகிறான். அக்கா மட்டும் படியேறி வருகிறாள். அவனை மீட்பது ஐந்தாம் பாகத்தில். ஆனால் சென்னைப் பதிப்பாளர் இழுத்தடித்தார். குழந்தைகள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தால் முடிவு செய்யலாம் என்றார்.

எங்கள் வாசகர் வட்டம் ஜங்புராவில் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் கூடும். ஒரு புத்தக அலமாரி உண்டு. இரவல் பதிவேடு என் பொறுப்பு. அமைச்சக ஆவணப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்கு வேறென்ன பொறுப்பு கொடுப்பார்கள்? குழந்தைகள் அந்தத் தொடரைப் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்று வட்டம் அறிவித்தது. அறிவிப்பை எழுதியவன் நான். 'தமிழில் மட்டும்' என்று அடிக்கோடிட்டவனும் நான். அலமாரி மேல் ஒரு செருப்புப் பெட்டி வைத்தோம்.

ஜனவரி கடைசி ஞாயிறு பெட்டியைத் திறந்தேன். ஒரு தாள் மட்டும் இந்தி எழுத்தில் இருந்தது. பெயர் இல்லை. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் இந்திக்குத் தாவுவதில் எனக்கு ஏற்கெனவே எரிச்சல். ஒரு வரிகூடப் படிக்காமல் 'தள்ளுபடி' என்று எழுதிய உறையில் போட்டேன்.

மற்றவற்றை அன்று மாலை மனைவி இரண்டு முறை வாசித்தாள். "கற்பனை வளம் மிக்க தொடர்", "நற்பண்புகளை வளர்க்கிறது", "அடுத்த பாகத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்." மறுநாளே ஐந்தாம் பாகத்தைத் தொடங்கிவிட்டாள். இரண்டு வாரத்தில் மூன்று அத்தியாயம். பள்ளியிலிருந்து வந்து சேலை மாற்றாமல் உட்கார்ந்து எழுதினாள். வட்டச் செயலாளர் கருத்துகளின் நகலைச் சென்னைக்கு அனுப்பினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கருத்துகளைத் தேதி வரிசையில் தட்டச்சு செய்து ஒரு தொகுப்பாக அவளுக்குக் கொடுக்க நினைத்தேன். பக்கத்தில் இரவல் பதிவேட்டையும் வைத்துக்கொண்டேன். நான்காம் பாகம் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது ஜனவரி இரண்டாவது ஞாயிறு. அதைப் பாராட்டிய ஐந்து கருத்துகளில் அதற்கு முந்தைய வியாழக்கிழமைத் தேதி இருந்தது. மூன்றாம் பாகத்தை யாருமே எடுத்துப் போகவில்லை. அதைப் பற்றி ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். மற்ற பாகங்களுக்கு நேராகவும் பதிவேட்டில் ஒரு பெயர்கூட இல்லை.

ஆர்.கே.புரத்தில் இருக்கும், கருத்து எழுதிய பையன் ஒருவனின் தகப்பனாருக்குப் போன் செய்தேன். அவர் கூச்சப்படவில்லை.

"சார், பசங்களுக்குத் தமிழ் எங்க படிக்க வருது? குரூப்புல பின்னட்டைப் படத்தப் போட்டாங்க. அதப் பாத்து ஆளுக்கு நாலு வரி நாங்களே எழுதினோம். மேடம் சந்தோஷப்படட்டுமேன்னுதான். இதையெல்லாம் போய் செக் பண்ணுவீங்களா நீங்க?"

இன்னும் ஆறு வீடுகளில் கேட்டேன். எல்லாரும் அன்பினால் செய்ததாகவே சொன்னார்கள்.

அவளிடம் சொன்னது பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை காலை. சொல்லாமல் இருந்தால் அது அவளை ஏமாற்றுவதாகும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், கண்டுபிடித்ததை யாரிடமாவது காட்ட வேண்டும் என்ற அரிப்பும் இருந்தது. தேதிகளை வரிசையாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஒரு குழந்தைகூடவா படிக்கல?"

"பதிவேட்டுல இல்ல."

மூன்று அத்தியாயத் தாள்களையும் கட்டிப் பரணில் போட்டாள். நான் சமாதானமாக ஏதோ ஆரம்பித்தபோது, "எனக்குத் தெரியாமலா இருந்தது? என் வகுப்புல தினம் பாக்கறேனே. கொஞ்ச நாள் நம்பிட்டு இருந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.

ஆகஸ்டில் மாடியறையைக் காலி செய்யச் சொன்னார்கள். வீட்டுக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருகிறான். அலமாரியை ஒழிக்கும்போது தள்ளுபடி உறை கையில் வந்தது. குப்பையில் போடுமுன் பார்த்தேன். எழுத்துதான் இந்தி. மொழி தமிழ். வாய்விட்டுப் படித்தபோதுதான் விளங்கியது.

"மொத புக்கு நல்லா இருக்கு. ரெண்டாவதுல அக்கா சும்மா சும்மா அழுவுறா, எனக்குப் புடிக்கல. மூணாவதுல பாம்புக்கு ரெண்டு வாலுன்னு எழுதிட்டு அப்புறம் ஒரு வாலுதான் வெட்றாங்க. இன்னொண்ணு என்னாச்சி? நாலாவதுல தம்பிய வுட்டுட்டு வந்துட்டா. அது தப்பு. நானா இருந்தா வுட்டுட்டு வர மாட்டேன். அம்மா படிச்சி முடிச்சப்ப நான் அவங்களோட ரெண்டு நாளு பேசல. அடுத்தது சீக்கிரம் எழுதுங்க."

படித்துக் காட்டியதும் வீட்டுக்கார அம்மாளுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. மாடியைப் பெருக்கித் துடைக்க, பத்து நிமிட நடையில் இருந்த தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்பிலிருந்து வந்த பெண், விழுப்புரம் பக்கத்துக்காரி, ஊரில் எட்டாவது வரை படித்தவள். கேட்டுவிட்டு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் போவாள். அலமாரிக்குப் பூட்டு கிடையாது. இங்கே இந்திப் பள்ளியில் படிக்கும் மகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு ஞாயிறுக்குள் திரும்ப வைத்துவிடுவாள்.

"பதிவேட்டுல எழுதச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அது மெம்பருங்களுக்குன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க."

கேம்பை ஜூனில் இடித்துவிட்டார்கள். அதோடு அவளும் வேலைக்கு வருவது நின்றது. போன் அணைந்து கிடந்தது. சிலருக்கு நகரின் வடகோடியில், நரேலாவில் மாற்று வீடு கிடைத்ததாகக் கேள்விப்பட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போய் அடுக்கு அடுக்காக விசாரித்தேன். விழுப்புரத்துக்காரர்கள் பலர் இருந்தார்கள். இவள் இல்லை. வீடு கிடைக்காதவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், சிலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார்.

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொல்லி, தாளை மனைவியிடம் படித்துக் காட்டினேன். பாம்பின் வால் வந்த இடத்தில் "ஆமா, மறந்துட்டேன்" என்றாள். முடிந்ததும் தாளை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இந்தி வேகமாக வாசிக்க வராது. எழுத்துக் கூட்டி முதலிலிருந்து வாசித்தாள்.

"இது எப்ப வந்தது?"

"மத்ததோட. ஜனவரில."

"அப்ப அந்தப் பொண்ணு கேம்புலதான் இருந்தா."

"ஆமா."

"நடந்தே போயிருக்கலாம்" என்றாள்.

இன்னமும் எழுதலாமே என்று நான் சொன்னது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. பரணிலிருந்து தாள்கள் இறங்கவில்லை.

நவம்பரில் பதிப்பாளர் எழுதினார். கருத்துகள் அபாரம், நான்கு பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு நிறைவுத் தொகுப்பாக வெளியிடலாம், இனி ஐந்தாவது தேவையில்லை என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு என்னிடமே தபாலில் சேர்க்கக் கொடுத்தாள். புத்தகம் வந்துவிட்டது. பெட்டியின் பின்புறம் ஏழு குழந்தைகளின் பாராட்டு இருக்கிறது. ஏழையும் எழுதியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முகப்பில் 'நான்கு பாகங்களில் முழுமையான கதை' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.