மாப்பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பிய றாஹிலா டீச்சர்

றாஹிலா டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். கணக்குப் படிப்பிப்பவர், பிழை கொப்பியில் இருந்தாலும் கூட்டத்தில் இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டார். எண்பத்து நான்கில், நாடு முழுவதும் பாடசாலைகளுக்குக் கொம்பியூட்டர் கொடுக்கக் கொழும்பில் திட்டம் போட்டு, கணித ஆசிரியர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அதிபர் அப்துல் கபூர் யோசிக்காமல் றாஹிலாவின் பெயரைக் கொடுத்தார். இரண்டு கிழமையாவது பாடசாலை அமைதியாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

கலியாணமாகாத குமர்ப்பிள்ளையைத் தனியே கொழும்புக்கு அனுப்ப முடியுமா? வாப்பா மீராசாவும் கூடப் போனார். பயிற்சி நடந்த நாளெல்லாம் வகுப்பு வாசலில் கதிரை போட்டுக் காவலிருந்தவர், ஊர் திரும்பியதும் கல்முனைச் சந்தையில் நின்று, "நாங்க ரெண்டு பேரும் கொம்பியூட்டர் கோஸ் முடிச்சிட்டம்" என்று சொல்லித் திரிந்தார்.

திட்டத்தில் இரண்டு நிபந்தனைகள். அறை தயாரான பாடசாலைக்குத்தான் சாமான் வரும். வருடம் முடிய அதிகாரி வந்து பார்ப்பார். பாவிக்காமல் கிடந்தால் தூக்கி வேறு பாடசாலைக்குக் கொடுத்துவிடுவார். அறை கட்ட இந்த ஊருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மகளுக்கு வீட்டைக் கட்டிவிட்டு, அதில் வந்து குடியிருக்க மாப்பிள்ளை தேடுகிற ஊர். ஒருவர் சீமெந்து தந்தார், ஒருவர் ஓடு தந்தார், அறை எழும்பிவிட்டது. பூப்போட்ட திரைச்சீலையும் தரைக்குப் புதுப் பன்பாயும் வந்தன. பெட்டி லொறியில் வந்திறங்கிய அன்று மௌலவி துஆ ஓதினார், உம்மாமார் வட்டிலப்பம் கொண்டுவந்தார்கள்.

புது மாப்பிள்ளைக்குரிய உபசாரமெல்லாம் நடந்தது. வேலை மட்டும் கொடுக்கப்படவில்லை. சபியா உம்மா பின்னிய உறையால் சாமானை மூடிவிட்டு, அறையைப் பூட்டித் திறப்பை அதிபர் இடுப்பு வாரில் கொழுவிக்கொண்டார். பள்ளிவாசல் தலைவர் வந்தால் உறையைத் தூக்கிக் காட்டுவார், பாங்கு மனேஜர் வந்தால் தூக்கிக் காட்டுவார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு றாஹிலா போனால், "புதுச் சாமான் டீச்சர், கொஞ்சம் பொறுங்க" என்பார்.

மாதங்கள் போயின. றாஹிலாவுக்கு நெஞ்சு எரிந்தது. அவருடைய உயர்தர வகுப்புப் பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் அடுத்த வருடம் கலியாணமாகிவிடுவார்கள். அதற்கு முன் அவர்களுடைய விரல் ஒருதரமாவது அதில் பட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் எழும்பி நின்றார்.

"சேர், மாப்பிள்ளைய எத்தின நாளைக்கு ஊட்டுக்குள்ள வெச்சுச் சோறு போடுவீங்க? மீன் வாங்கவாச்சும் சந்தைக்கு அனுப்புங்களன்."

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அதிபர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை திறப்பு றாஹிலாவின் மேசையில் கிடந்தது.

அதன்பின் அந்த அறை அறையாகவே இல்லை. திரைச்சீலை கிழிந்தது, பன்பாய் பிய்ந்தது, எழுத்துக் கட்டைகளில் சோக்குத்தூள் படிந்தது. பிள்ளைகள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி உயர்தர வகுப்பு ஜெமீலா.

அதிகாரி வருகிற செய்தி கிடைத்ததும் அதிபருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் கழுவித் துடைக்காமல் இருப்பதா? றாஹிலாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆள் பிடித்து எல்லாவற்றையும் துடைப்பித்தார். பிள்ளைகள் சுவரில் ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்தெறிந்தார். புதுத் திரைச்சீலை, புதுப் பாய், கஞ்சி போட்ட உறை.

அதிகாரி உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். "பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கே. யாருமே தொடல்ல. லொறியைக் கூப்பிடுங்க."

"பாவிக்கிறம் சேர்" என்றார் அதிபர்.

"எல்லாப் பாடசாலையிலும் இதைத்தான் சொல்றாங்க."

றாஹிலா வாசலில் நின்ற மாணவிகளைப் பார்த்து, "ஜெமீலா, இஞ்ச வாங்க புள்ள" என்றார். "இதப் போடுங்க."

ஜெமீலா உறையை இழுத்துப் போட்டாள். அந்தச் சாமானின் சுவிச் பின்பக்கத்தில், சுவரோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பயத்தில் அவள் கண்கள் அதிகாரியின் முகத்தைவிட்டு அகலவில்லை. கை மட்டும், குசினியில் சமைக்கிறபோது உப்புப் பேணிக்குப் போவதுபோல, நேரே பின்னால் போய் சுவிச்சைத் தட்டியது. திரை வெளிச்சமாயிற்று. அதிகாரி திரையைப் பார்க்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தார்.

"சரி, லொறி வேண்டாம்."

அதிபருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "எங்கட ஊரில மாப்பிள்ள வந்தா வந்ததுதான் சேர். கிறுகிப் போறல்ல."

அதிபர் செய்த பிழையை அன்று ஒருநாள் மட்டும் றாஹிலா சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த வருடம் ஜெமீலாவுக்குக் கலியாணம். மணப்பெண்ணைப் பார்க்கப் போன றாஹிலாவின் காதில் அவள் மெல்லக் கேட்டாள்: "டீச்சர், தொறப்பு இன்னம் ஒங்களுக்கிட்டதானே இரிக்கி?"

"ஓம் புள்ள."

அந்தச் சனிக்கிழமையே ஜெமீலா பாடசாலைக்கு வந்தாள். புது மாப்பிள்ளையை அறை வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.