ஒரு சுற்றுக் குறைவு

தங்கராசா பூட்டிய குழாய் ஒழுகாது. விசுவமடுவில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்த நல்ல பெயரே மனுசனுக்கு வினையாகிப் போனது. ஒழுகாத குழாய்க்கு எவர் திரும்ப ஆள் அனுப்புவார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அடுத்த வருசமே மலேரியா அவருடைய மனைவியைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இல்லை. பொழுதுபட்டால் கொட்டிலுக்குள் ஜாம் போத்தல் விளக்கும் அவரும்தான். சில நாட்களில், குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவே செருமிக்கொள்வார்.

பொருளாதாரத் தடையால், குழாய்ப் புரியில் சுற்றுகிற வெள்ளை ரேப் நாடா வன்னிக்குள் வருவதில்லை. மற்றவர்கள் இரும்புக் குழாய்க்குச் செய்வதுபோல் சணலைத் திணித்து, குறடு போட்டு முறுக்கி, பிளாஸ்டிக்கை வெடிக்கவைத்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுவார்கள். தங்கராசா சொப்பிங் பையை நாடாவாக வெட்டுவார். முதல் புரியை விட்டுவிட்டு, பூட்டுகிற பக்கமாகவே இழுத்து இழுத்துச் சுற்றுவார். கையால் இறுக்கி, கடைசியில் குறட்டால் கொஞ்சம். அவ்வளவுதான், பிளாஸ்டிக்கோடு யாராவது மல்லுக்கட்டுவார்களா?

அருந்ததி வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குக் குழாய் பூட்டப் போனதும் இந்த வித்தையோடுதான். அவரும் தனி ஆள். தையல் மெசினை வைத்துப் பிழைப்பவர்.

“ஏன் அண்ணை அந்தப் பக்கமாச் சுத்துறியள்?” என்று பக்கத்தில் குந்தியிருந்து கேட்டார்.

தங்கராசா சொன்னார். கேட்க ஆள் கிடைத்ததும் ஊர்க் கிணறு, மனைவி வைக்கும் மீன்குழம்பு, ஆசுப்பத்திரியில் அவள் கடைசியாகக் கேட்ட இளநீர் எல்லாவற்றையும் சொன்னார். அருந்ததி எழும்பவேயில்லை. இப்படி ஒருவர் தன் கதையைக் கேட்டு எத்தனை காலம் என்று தங்கராசா எண்ணிப் பார்த்தார்.

தனியே இருக்கிற பெண்ணின் படலையில் காரணமில்லாமல் போய் நிற்க முடியுமா? ஊர் வாய் சும்மா இருக்காது. அருந்ததி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரம் தங்கராசா குழாய்ப் பூட்டைக் கழற்றினார். நாடாவை உரித்து, பேருக்கு ஒரு சுற்று மட்டும் சுற்றித் திரும்பப் பூட்டினார். தாங்கி வெறுமையாக இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் அடுத்த நாள்தான் வரும்.

வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. சனம் வாளியோடு வரிசையில் நிற்கிற ஊரில் தண்ணீரை ஒழுகவிட்டு வந்திருக்கிறார். ஆனாலும் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார். ஆள் வரவில்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, குறட்டை எடுத்துக்கொண்டு தானே போனார்.

அருந்ததி மெசினை விட்டு எழும்பி வந்தார்.

“பவுசர் வந்த அண்டைக்கே ஒழுகினது அண்ணை. பாவம், உங்களை ஏன் இந்த வெயிலுக்குள்ள அலைய வைப்பான் எண்டு, நீங்கள் காட்டின மாதிரி நானே சுத்திப் பூட்டினன். சரியோ எண்டு பாருங்கோ.”

தங்கராசா குனிந்து பூட்டைச் சுற்றி விரலால் தடவினார். ஈரம் படவில்லை. எங்காவது ஒரு துளி இருக்காதா என்று இன்னொரு முறையும் தடவினார்.

“வடிவாப் பூட்டியிருக்கிறியள் தங்கச்சி. இனி ஒழுகாது.”

“அப்ப இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை,” என்றார் அருந்ததி சந்தோசமாக. “பள்ளிக்கூடச் சட்டையள் குவிஞ்சு கிடக்கு அண்ணை, குறை நினையாதேங்கோ.”

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வரும்போதே பின்னால் மெசின் ஓடத் தொடங்கிவிட்டது.